ரயில் நின்னதுல போன கடை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை மெயின் ரோட்டைப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க. கொல்லம் போற ரோடுதான், ராத்திரி பகல் பாக்காம காய்கறி லாரி, அரிசி லாரி, வைக்கோல் லாரின்னு கேரளாவுக்குப் போய்க்கிட்டே இருக்கும். இப்போ ரெண்டு பக்கமும் மொபைல் ஷோரூம், பேக்கரி, ஏசி போட்ட கடைங்க. நான் சொல்ல வந்தது அங்க இருந்த ஒரு பலசரக்குக் கடையைப் பத்தி, மூணு தலைமுறையா ஒரே குடும்பம் நடத்துனது.

கடை போட்டது எங்க கடைக்கார அண்ணாச்சியோட தாத்தா. அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்துச்சு, 1956 நவம்பர் 1-லதான் நாம மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு வந்தோம். தாத்தா காலத்துப் பேரேட்டை அண்ணாச்சி ஒருநாள் எடுத்துக் காட்டுனாக, முழுக்க சக்கரக் கணக்கு. 28 சக்கரம் சேந்தா ஒரு திருவிதாங்கூர் ரூபா. அந்தப் பேரேட்டுல ஆரியங்காவு, தென்மலைன்னு மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப்பேருதான் நெறைய இருந்துச்சு.

அதுக்குக் காரணம் ரயிலு. 1904-ல வந்த புனலூர் லைன், மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து கொகை, கழுத்துருட்டிப் பதிமூணு கண் பாலம் எல்லாம் தாண்டி வரும். எஸ்டேட்ல வேல பாக்குறவங்க ரயிலேறி வந்து, சாமான் வாங்கிட்டு, திரும்புற வண்டியைப் பிடிப்பாங்க. குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டத்துல சிலோன்ல இருந்து வந்த நம்ம தமிழ்க் குடும்பங்க இருக்காங்க, இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்தவங்க, அவங்களுக்காக ஆரம்பிச்ச தோட்டம் அது. அவங்க தென்மலை வரைக்கும் பஸ்ல வந்து ரயிலேறுவாங்க, தீபாவளிச் சாமான் எங்க அண்ணாச்சி கடையிலதான்.

அண்ணாச்சி பொட்டலம் கட்டுறத இன்னிக்கும் என்னால மறக்க முடியல. பழைய மலையாளப் பேப்பரைக் கூம்பாச் சுருட்டி, அடியை ஒரு மடக்கு மடக்கி, சீனியைக் கொட்டி, வாயை உள்ள சொருகி, மேல உத்தரத்துல தொங்குற நூல்கண்டை இழுத்து ரெண்டு சுத்து சுத்தி வெரல்ல ஒரு சுண்டு சுண்டுவாக, நூலு அறுந்துரும், ஒரு பொடி சீனி கீழ விழாது. அஞ்சு ரூவாய்க்கு நல்லெண்ணெய் கேட்டாலும் முகம் சுளிக்காம ஊத்துவாக. பத்து நோட்டுல, அதான் கடன் கணக்கு நோட்டுல, அண்ணாச்சி வீட்டு ஆச்சிதான் எழுதுவாக, எஸ்டேட்காரங்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில வருதுன்னு ஆச்சிக்குத் தெரியும், அதுக்கு முந்தி ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்து பாக்கி கேட்டது கெடையாது. காய்ச்சல்ல படுத்துட்டேன்னு சொன்னா அந்த மாசக் கணக்கு அடுத்த பக்கத்துக்குப் போயிரும், அவ்வளவுதான்.

சூப்பர் மார்க்கெட் வந்துதான் இந்தக் கடை போச்சுன்னு நெறைய பேரு சொல்லுதாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2010-ல அகலப்பாதை போடணும்னு அந்த லைனை நிறுத்துனாங்க, முழுசா திரும்ப ஓடுனது 2018-ல. எட்டு வருஷம்! பஸ்ல மூட்டையைத் தூக்கிட்டு மலை ஏறி எறங்க யாரால முடியும், வர்றவங்க புனலூர்லயே வாங்கப் பழகிட்டாங்க. அகலப்பாதை வேணும்தான், வேண்டாம்னு சொல்லல, ஆனா லைனை நிறுத்துறப்போ அதை நம்பிப் பொழைக்கிற கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க நாதியில்ல, அதுதான் எனக்கு ஆறல. நடுவுல 2016-ல நோட்டுச் செல்லாதுன்னாங்க, அடுத்த வருஷம் ஜிஎஸ்டி, அண்ணாச்சிக்கு முட்டுவலி வேற. ரயிலு திரும்ப வர்றதுக்கு ஒரு வருஷம் முந்தியே கடையை வாடகைக்கு விட்டுட்டாக.

ஆச்சி சும்மா இருக்கல. வீட்டுலயே சாம்பார்ப் பொடி, மீன் கொழம்புப் பொடி அரைச்சுக் குடுக்குறாக, மருமக வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குது. போன வாரம் போயிருந்தேன், பாதி பார்சல் குளத்துப்புழைக்கு, பேரெல்லாம் பத்து நோட்டுல இருந்த அதே வீட்டுப் பேருங்க.