முத்துலட்சுமிக்கு எத்தனை எழுத்து?

[திரை: கேடயம் ஆர்டர் படிவம். பெயர்க் கட்டத்தில் 'முத்துலட்சும']

கடைசி எழுத்தைப் பாருங்கள். 'மி' இருக்க வேண்டிய இடத்தில் 'ம' நிற்கிறது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த அக்கா ஒருவர் கேடயக் கடை வைத்திருக்கிறார். தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா நெருங்கினால் கடையில் நிற்க இடமிருக்காது. இந்தப் படிவத்தை அவருக்குச் செய்து கொடுத்தது நான்தான். பெயருக்கு 12 எழுத்து போதும் என்று வரம்பும் வைத்தேன். "தம்பி, ஏழெழுத்துப் பேருக்கே இடம் பத்தலையா?" என்றார்.

ஏழுதான்: மு, த், து, ல, ட், சு, மி. ஆனால் பிரவுசரின் வரம்பு எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. 'மு' என்றால் மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளிக்கும் தனிக் கணக்கு. ஆக 13. வெட்டுப்பட்டது கடைசி இகரக் குறி.

இதற்காகவே வந்தது இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter): உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் கருவி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் பல மொழிகளைக் கையாளும் வசதிகளுக்கான எக்மா-402 தரத்தில் ஒரு பகுதி. குரோமில் 2020-இலேயே வந்துவிட்டது, 2021-இல் சஃபாரி. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 2024 ஏப்ரல் வரை காக்க வைத்தது. நானும் அதுவரை தொடவில்லை.

[திரை: கன்சோல், பிரவுசரில் நிரலை ஓட்டிப் பார்க்கும் இடம்]

மொழி தமிழ், பிரிக்கும் அலகு கிராஃபீம், அதாவது கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து. பெயரைக் கொடுக்கிறேன். 7! 'கொ'வை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வரும்படி சேமித்தாலும், ஒரே குறியாகச் சேமித்தாலும், விடை 1.

சரி, 'லக்ஷ்மி'? 4 என்கிறது. நம் கண்ணுக்கு மூன்று. 'ஸ்ரீ'க்கு 2. புள்ளி வந்தால் எழுத்து முடிந்தது என்பது தமிழுக்கு அது வைத்திருக்கும் கணக்கு. 'த்து' இரண்டாகப் பிரிய அதுதான் வேண்டும்; கிரந்தக் கூட்டெழுத்தில்தான் இடிக்கிறது. க்-ஐ அடுத்து ஷ வந்தாலும், ஸ்-ஐ அடுத்து ரீ வந்தாலும் ஒன்றாக எண்ணும்படி நானே இரண்டு வரி சேர்த்தேன்.

இன்னொன்று. தட்டச்சு செய்யும்போதே வெட்டாதீர்கள். ஃபோன் கீபோர்டு எழுத்தைக் கட்டி முடிப்பதற்குள் அது சிதறும். எண்ணிக்கையை மட்டும் காட்டி, ஆர்டர் பொத்தானில் தடுத்தால் போதும்.

[திரை: 'ஸ்ரீ முத்துலட்சுமி', இடைவெளியோடு 9/12]

அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். "ஏ/பி போட்டு அப்பா பேரும் வரணுமே தம்பி!" ஏ/பி என்றால் மலாயில் 'அனாக் பெரம்புவான்', இன்னாரின் மகள்.

வரம்பு இப்போது 30.