டைடிலி: நேரத்தில் பிறந்த ஒழுங்கு

(காட்சி: திருகோணமலை உப்புவெளிக் கரை, காலை. தூரத்தில் கோணேசர் மலை.)

வணக்கம். கரைவலை இழுத்து முடிந்துவிட்டது, மீனும் விலைப்பட்டுவிட்டது. இப்போது வலையைத் தோணிக்குள் ஏற்றுகிறார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மிதப்புக் கட்டிய கயிறு ஒரு பக்கம், ஈயம் கோத்த கயிறு மறுபக்கம், நடுவில் வலை மடிப்பு மடிப்பாக. இரண்டு கயிறும் கலந்தால் நாளைக்குக் கடலில் சிக்கெடுக்க வேண்டியதுதான். "வடிவாப் போடு தம்பி" என்று ஒரு குரல் கேட்கிறதா?

இந்த 'வடிவா'வுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: டைடிலி (tidily). ஒழுங்காக, நேர்த்தியாக.

டைடிலிக்குள் டைட் ஒளிந்திருக்கிறது. டைட் என்றால் கடலின் வற்றுப்பெருக்கு. அப்போ, அலை ஏறி வந்து மணலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போவதால் வந்த பெயரா? நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிழை.

பழைய ஆங்கிலத்தில் டைட் என்றால் நேரம், பருவம். கிறிஸ்மஸ்டைட் என்றால் கிறிஸ்மஸ் காலம். "டைம் அண்ட் டைட்" யாருக்கும் காத்திராது என்ற பழமொழியிலும் முதலில் இருந்தது கடல் அல்ல, காலம்தான்.

(காட்சி: பிரட்ரிக் கோட்டை வாசல்.)

இந்தக் கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் நேரத்துக்கு இன்றும் 'டெய்ட்' என்றுதான் பெயர். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் வாயில் அதே வேர்ச்சொல் எப்போதோ கடலுக்குப் போய்விட்டது. காரணம் இருக்கிறது. திருகோணமலையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட வராது. பிரிஸ்டல் பக்கம் 12 மீட்டரையும் தாண்டும். அங்கே கப்பல் எப்போது நுழையலாம் என்பதைக் கடல்தான் சொல்லும். நேரம் சொல்லும் கடலுக்கு நேரத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

நமக்கு இது புதிதா? வடமொழி 'வேலா' என்பதற்கு நேரம், கரை, வற்றுப்பெருக்கு என்று பல பொருள். அதிலிருந்து நம்மிடம் வந்த 'வேளை' என்றால் நேரம். பழந்தமிழ்ச் செய்யுளில் வரும் 'வேலை' என்றால் கடல்!

சரி, 'லி' சேருமுன் இருக்கும் டைடி என்ற சொல்லுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டளவில் அதற்குப் பொருள் 'காலாகாலத்தில்'. பருவத்தில் விளைந்தது செழிப்பாக இருக்கும், செழிப்பானது பார்க்க நன்றாக இருக்கும். அப்படியே நகர்ந்து நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது 'ஒழுங்கான' என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது.

பயன்பாட்டில் ஒரு நுணுக்கம். நீட்லி என்ற சொல்லும் ஏறக்குறைய இதையேதான் சொல்லும். ஆனால் அதில் கைத்திறன் வாடை கொஞ்சம் அதிகம்: வெட்டிய வெட்டு, சொன்ன பதில். டைடிலி பெரும்பாலும் அடுக்கி வைப்பது: கொப்பிகள், உடுப்பு, இந்த வலை. கிரிக்கெட்டில் ஒருவர் டைடியாகப் பந்து வீசினார் என்றால், விக்கெட் விழுந்ததோ இல்லையோ, ஓட்டங்களை அள்ளிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். டைடி சம் என்றால் மட்டும் ஒழுங்கைத் தேடாதீர்கள். அது கணிசமான தொகை.

ஆங்கிலத்தில் எழுதும்போது டைடியின் கடைசி 'வை' (y) எழுத்து 'ஐ' (i) ஆக மாறி, பிறகுதான் 'லி' சேரும். பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மை அதிகம் விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

அந்த 'லி'யும் இல்லாமல் தெற்கு வேல்ஸ் மக்கள் "டோக் டைடி" என்பார்கள். ஒழுங்காகப் பேசு என்று பொருள். வடிவம் என்ற சொல்லை அழகாக்கி, பிறகு ஒழுங்காக்கி, நாம் இங்கே சொல்வோமே, "வடிவாக் கதை" என்று? அதேதான்.

(காட்சி: தோணி. வலை முழுவதும் ஏறிவிட்டது. தம்பி அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்கிறான்.)