இட்டா பெனாவின் ஜெர்ரி ரைஸ்

எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்ரி ரைஸ் என்றதும் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணியும் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியின் கோப்பைகளும்தான் ஞாபகம் வரும். அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்றைக்குப் பேச வந்தது அதற்கு முந்தைய நான்கு வருடங்களைப் பற்றி. 1981 முதல் 1984 வரை, மிசிசிப்பி மாநிலத்தில் இட்டா பெனா என்ற சின்ன ஊரில், மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடிய ஆட்டம். அங்கே அவர் வைத்த சாதனைகளை ரொம்பப் பேர் ஒரு சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அந்தச் சந்தேகம் நியாயமில்லை என்பது என் கட்சி.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பந்து கையில் உள்ள அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். குவாட்டர்பேக் பந்தை எறிவார். ஓரத்தில் தள்ளி நிற்கும் வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டே தலைக்கு மேலே வரும் பந்தைப் பிடிப்பார்கள் அல்லவா? கூடவே இரண்டு பேர் உரசிக்கொண்டு ஓடி, பந்தைத் தட்டிவிடவும் ஆளைச் சாய்க்கவும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் வைட் ரிசீவரின் வேலை. பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச் டவுன்.

ரைஸ் பிறந்தது 1962 அக்டோபர் 13-ஆம் தேதி. இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, அதே மாநிலத்தில், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர வந்தார். அவரை உள்ளே விடக்கூடாது என்று கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். ஜனாதிபதி கென்னடி ராணுவத்தை அனுப்பித்தான் அவரை வகுப்பில் உட்கார வைக்க முடிந்தது. ரைஸ் படித்த வேலி ஸ்டேட்டும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்ற கணக்கோடு மாநில அரசு 1950-இல் திறந்த தொழிற்கல்லூரி அது. ஒதுக்கி வைப்பதற்காகக் கட்டிய இடத்தை, அங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் ஜாக்சன் ஸ்டேட், ஆல்கார்ன் ஸ்டேட், லூசியானாவில் கிராம்ப்ளிங், சதர்ன் என்று இதுபோன்ற கல்லூரிகள் ஒரு லீகாகச் சேர்ந்து ஆடின. பெரிய ஃபுட்பால் நட்சத்திரமான வால்டர் பேட்டன் வந்தது அந்த லீகிலிருந்துதான்.

ரைஸ் வளர்ந்த ஊர் கிராஃபோர்ட். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது. அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் அவரோடு வேலைக்குப் போக வேண்டும். ரைஸ் சாரத்தின் மேல் நிற்பார், கீழிருந்து அண்ணன் தம்பிகள் செங்கல்லைத் தூக்கிப் போடுவார்கள், இவர் பிடிக்க வேண்டும். தன் கை பழகியது அங்கேதான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இதை ஓர் அழகான கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். மிசிசிப்பி வெயிலில், கூலி வேலையில், கை சிராய்க்கப் பிடித்த கற்கள் அவை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவும் இல்லை, அதிலிருந்து தப்பிக்கத்தான் நினைத்தார்.

ஃபுட்பாலுக்கு வந்ததும் திட்டமிட்டு அல்ல. பள்ளியில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தவர், பின்னால் வந்த தலைமையாசிரியரைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்த தலைமையாசிரியர், தண்டனை கொடுத்த கையோடு ஃபுட்பால் பயிற்சியாளரிடம் போய்ப் பையனின் வேகத்தைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு இந்த ஆட்டம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சரி, பள்ளியில் நன்றாக ஆடினார். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து யாரும் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் அவர் ஊரிலிருந்து பக்கம்தான். 1981-இல் நிறத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தும் காலம் போய்விட்டது. அந்த அணிகளில் கறுப்பின வீரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் மண் ரோட்டில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கு வண்டியை விட்டுப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. நேரில் வந்தவர் வேலி ஸ்டேட் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி ஒருவர்தான்.

கூலியைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். 'கன்ஸ்லிங்கர்', அதாவது துப்பாக்கிக்காரர், என்பது அவருடைய பட்டப்பெயர். அந்தக் காலத்தில் பந்தை எறிவதை விடப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் பாதுகாப்பு என்று பெரும்பாலான பயிற்சியாளர்கள் நினைத்தார்கள். கூலி எதிர்த் திசையில் போனார். மூன்று, நான்கு ரிசீவர்களை ஒரே பக்கமாக, ஒருவர் பின்னால் ஒருவராக நிறுத்தினார். பந்து கிளம்பியதும் அவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறுவார்கள், யார் யாரைக் காப்பது என்று எதிரணிக்குப் புரியாது. அது மட்டுமல்ல, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே கூடிப் பேசும் வழக்கத்தையே விட்டுவிட்டார். குவாட்டர்பேக் வில்லி டாட்டன் கோட்டுக்கு அருகே நின்றபடியே எதிரணியைப் பார்த்து அடுத்த ஆட்டத்தைச் சொல்வார். எதிரணிக்கு மூச்சு வாங்கவும் ஆள் மாற்றவும் நேரம் கிடைக்காது. இன்றைக்குக் கல்லூரி ஃபுட்பாலில் பாதி அணிகள் இப்படித்தான் ஆடுகின்றன. பணமோ வசதியோ இல்லாத ஒரு மிசிசிப்பி டெல்டா கல்லூரியில், நாற்பது வருடத்துக்கு முன்பே இது நடந்தது.

எண்களுக்கு வருவோம். முதல் வருடம் ரைஸ் பிடித்தது 30 பந்துகள்தான். அடுத்த வருடம் 66. 1983-இல் 102 பந்துகள், 1,450 கெஜம். அந்த வருடம் சதர்ன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 24 பந்துகளைப் பிடித்தார். 1984-இல் 103 பந்துகள், 1,682 கெஜம், 27 டச் டவுன். அந்த வருடம் டாட்டன் எறிந்த டச் டவுன்கள் 56. அணியின் சராசரி ஆட்டத்துக்கு 60.9 புள்ளிகள். ரைஸின் கல்லூரிக் கணக்கு மொத்தம் 301 பந்துகள், 4,693 கெஜம், 50 டச் டவுன். அந்த ஐம்பதை 2006-இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் டேவிட் பால்தான் தாண்டினார். மாணவர்கள் ரைஸுக்கு 'வேர்ல்ட்' என்று பேர் வைத்திருந்தார்கள். உலகத்தில் அவரால் பிடிக்க முடியாத பந்தே கிடையாது என்று அர்த்தம்.

1984 நவம்பர் 4 அன்று, ஜாக்சன் நகரத்தில், தோல்வியே காணாத வேலி ஸ்டேட்டும் தோல்வியே காணாத ஆல்கார்ன் ஸ்டேட்டும் மோதின. பார்க்க வந்த கூட்டம் 60,000-க்கு மேல். ஆல்கார்ன் 42-28 என்று ஜெயித்தது. வேலி ஸ்டேட் தோற்றதை நான் மறைக்கவில்லை. அதே வருடம் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் லூசியானா டெக் அவர்களை 66-19 என்று நொறுக்கியதையும்தான். ஆனால் பெரிய அணிகள் கண்டுகொள்ளாத இரண்டு கல்லூரிகளின் ஆட்டத்துக்கு ஒரு மாநிலமே திரண்டு வந்ததென்றால், ஆட்டத்தின் தரம் அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது வெளியே இருந்தவர்களுக்குத்தான்.

அவர்கள் சொன்னது என்ன? ஒன்று, எதிரணிகள் பலவீனம். இரண்டு, அத்தனை தடவை எறிந்தால் யாருக்கும் எண்ணிக்கை ஏறும். மூன்று, ஆள் வேகமில்லை, 40 கெஜம் ஓட 4.6 விநாடிக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பந்து யாருக்கு வரப்போகிறது என்பது எதிரணிக்கும் தெரியும். இரண்டு மூன்று பேரை அவர் மேலேயே நிறுத்தினார்கள், அப்படியும் பிடித்தார். மூன்றாவது பற்றிச் சொல்வதென்றால், நேர்க்கோட்டில் ஓடுகிற வேகமும், பந்தைப் பிடித்துவிட்டு இரண்டு பேருக்கு நடுவே நழுவுகிற வேகமும் வேறு வேறு. ஸ்டாப்வாட்ச் முதலாவதை மட்டும்தான் அளக்கும்.

49-அர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் இதைப் புரிந்துகொண்டார். 1984 அக்டோபரில் 49-அர்ஸ் அணியோடு ஹூஸ்டனுக்குப் போனபோது, ஆட்டத்துக்கு முந்தைய ராத்திரி ஹோட்டல் அறையில் டிவியைப் போட்டார். ரைஸ் ஆடிய காட்சிகள் ஓடின. ஆள் மனதில் பதிந்துவிட்டார். அந்தப் பருவத்தில் சூப்பர் பௌல் ஜெயித்ததால், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1985 டிராஃப்டின் முதல் சுற்றில் 49-அர்ஸ் முறை கடைசியாக, 28-ஆவதாக வந்தது. அதுவரை ரைஸ் மிஞ்சமாட்டார் என்று வால்ஷ் தன் முதல் மூன்று சுற்றுத் தேர்வுகளை நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து 16-ஆவது இடத்துக்கு ஏறினார். அதற்குள் ஆல் டூனும் எடி பிரௌனும் ரிசீவர்களாகத் தேர்வாகியிருந்தார்கள். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், இருவரும் பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள்.

முதல் வருடம் ரைஸ் பந்துகளைத் தவறவிட்டார், உள்ளூர்க் கூட்டமே கூச்சலிட்டது. சின்னக் கல்லூரிச் சாதனையின் லட்சணம் இதுதான் என்று சொல்ல ஆட்கள் தயாராக இருந்திருப்பார்கள். டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக 10 பந்துகள், 241 கெஜம். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 20 பருவங்கள், 1,549 பந்துகள், 22,895 கெஜம், 208 டச் டவுன். கெஜக் கணக்கில் இரண்டாவதாக நிற்கும் லேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 17,492-ல் இருக்கிறார். நடுவில் 5,000-க்கும் அதிகமான இடைவெளி.

கடைசியாக, அந்தப் பந்துகளை எறிந்தவர். வில்லி டாட்டனைத் தேடி எந்த வால்ஷும் வரவில்லை. 1987-இல் பஃபலோ பில்ஸ் அணியில் ஒன்றிரண்டு ஆட்டங்கள், தொழில்முறை லீகில் அவ்வளவுதான். பிறகு இட்டா பெனாவுக்கே திரும்பி, 2002 முதல் 2009 வரை வேலி ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் டாட்டனை 2005-இலும் ரைஸை அதற்கு அடுத்த வருடமும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கல்லூரி மைதானத்தின் பெயர் இப்போது ரைஸ்-டாட்டன் ஸ்டேடியம்.