பன்னிரண்டு போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "முழுநேர மாணவனாகத்தானே படிக்கிறான், பிறகு ஏன் நான்கு ஆண்டில் பட்டம் முடியவில்லை?"

விடை ஒரு சின்னப் பெருக்கலில் இருக்கிறது. இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலான கல்லூரிகள் 120 கிரெடிட் கேட்கின்றன. செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்று பதிவாகிவிடும். அப்படியே எட்டு செமஸ்டர் ஓட்டினால் 96தான் சேரும். மீதி 24க்கு இன்னும் ஓர் ஆண்டு, அதற்குத் தனிக் கட்டணம். நான்கு ஆண்டில் கரையேற செமஸ்டருக்கு 15 வேண்டும். விசாவுக்கும் அரசின் நிதி உதவிக்கும் பார்க்கப்படும் வரம்பைப் பட்டத்துக்கான வேகம் என்று நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது.

சரி, கிரெடிட் என்றால் என்ன? வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு, இப்படி ஏறக்குறைய 15 வாரம். மூன்று கிரெடிட் பாடம் வாரத்தில் ஒன்பது மணி நேரத்தைக் கேட்கும். 15 கிரெடிட் எடுத்தவருக்கு 45 மணி நேரம். ஆய்வகத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும்: மூன்று மணி நேரம் நின்று வேலை செய்தாலும் பல இடங்களில் கிடைப்பது ஒரே கிரெடிட்.

இந்த அளவுகோலின் வேர் ஓய்வூதியத்தில் இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1905இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தார். அதில் பங்கு வேண்டிய கல்லூரிகள், உயர்நிலைப் பள்ளியில் இத்தனை மணி நேரம் படித்தவர்களையே சேர்க்க வேண்டும் என்று கார்னகி அறக்கட்டளை விதி வைத்தது. மணிக்கணக்கு அப்படித்தான் வேரூன்றியது. ஒருவர் என்ன கற்றார் என்பதை அது சொல்லாது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதைத்தான் சொல்லும். எனக்கு இதில் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் கல்லூரி மாறும் மாணவருக்கு இதைவிட வசதியான நாணயம் இன்றுவரை வரவில்லை. கல்வியாண்டை இரண்டு செமஸ்டருக்குப் பதில் மூன்று சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரியில் வாங்கிய 45 கிரெடிட், செமஸ்டர் முறைக்கு வரும்போது 30 ஆகும். எண் குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். குவார்ட்டர் முறையில் பட்டத்துக்கே 180 வேண்டும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் நிலையைக் காட்டும் எண் ஒன்று உண்டு. 100, 200 வரிசை தொடக்க நிலை. 300, 400 மேல்நிலை. 500க்கு மேல் பொதுவாக முதுநிலை. 100க்குக் கீழே உள்ள அடிப்படைப் பயிற்சிப் பாடங்கள் பல கல்லூரிகளில் பட்டத்துக்குச் சேராது. நான்கு இலக்க எண் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். மேல்நிலைப் பாடங்களில் இத்தனை கிரெடிட் கட்டாயம் என்ற விதியும் பெரும்பாலும் இருக்கும். எளிய பாடங்களாகத் தேடித்தேடி 120 சேர்த்தவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்.

எத்தனையாம் ஆண்டு மாணவர் என்பதையும் காலண்டர் தீர்மானிப்பதில்லை. 30 கிரெடிட் தாண்டினால் இரண்டாம் ஆண்டு, 60க்கு மூன்றாம், 90க்கு நான்காம் ஆண்டு என்பது பரவலான வழக்கம். பாடப் பதிவில் யார் முதலில் நுழையலாம் என்பதும் பல இடங்களில் இதைப் பொறுத்ததே.

இனி, வெளிநாட்டு மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருக்கும் இளநிலை மாணவர்கள் கவனிக்க. 13 கிரெடிட் எடுத்த ஒருவர், வேதியியல் கடினமாக இருக்கிறதென்று ஆறாவது வாரத்தில் நான்கு கிரெடிட் பாடத்தைக் கைவிடுகிறார். கையில் ஒன்பது, வேண்டியதோ 12. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் இதைச் செய்தால் விசா நிலையே கேள்விக்குறியாகும். தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ கற்பிக்கும் முறையிலோ தடுமாறுபவருக்குச் சலுகை உண்டு, அப்போதும் ஆறு கிரெடிட்டாவது இருக்க வேண்டும். உடல்நலக் காரணத்துக்கு மருத்துவர் கடிதம் வேண்டும். முழுநேரக் கணக்கில் இணையவழிப் பாடம் செமஸ்டருக்கு ஒன்றுதான், அதாவது மூன்று கிரெடிட் வரைதான் சேரும். கடைசி செமஸ்டரில் பட்டத்துக்கு வேண்டிய மீதியை மட்டும் எடுக்க அலுவலர் அனுமதிப்பார். அந்த மீதி ஒரே பாடம் என்றால், அது நேரில் போய்ப் படிக்கும் பாடமாக இருக்க வேண்டும்.