மலைப்பாதை நடை சுமைதான் நடுவரே!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, மைக் செட்டு தம்பி (கொஞ்சம் சவுண்டு ஏத்துப்பா), எல்லாருக்கும் வணக்கம்.

சின்ன வயசுல மலைப்பாதையில நடந்தது சுகமா சுமையான்னு தலைப்பு. சுகம்னு பேசின சார் என்ன சொன்னாரு? மூலிகைக் காத்து, பாட்டி சொன்ன கதை, பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கற குறிஞ்சி, அடடா அடடான்னு அடுக்கினாரு, நீங்க கை தட்டுனீங்க, நானும் தட்டித் தொலைச்சுட்டேன். அப்புறம்தான் விசாரிச்சேன், சார் எந்த ஊருன்னு. மதுரையாம். மே மாசம் பத்து நாள் கொடைக்கானல்ல மாமா வீட்டுக்குப் போவாராம். சார், லீவுக்கு நடந்தா வாக்கிங். ரேஷன் அரிசிக்கு நடந்தா அதுக்குப் பேரு வேற.

எங்க ஊரு வெள்ளகவி. பெரியகுளம் கும்பக்கரை அருவிக்கு மேல, கொடைக்கானல் வட்டக்கானலுக்குக் கீழ, ரெண்டுக்கும் நடுவுல சரிவுல தொங்கிட்டு இருக்கும். நான் சின்னப் பையனா இருந்தப்ப ரோடு கெடையாது, கீழ எறங்கினாலும் நடை, மேல ஏறினாலும் நடை. காப்பிக்கொட்டை, எலுமிச்சை, பட்டர்ஃப்ரூட் எல்லாம் குதிரை முதுகுல போகும், குதிரைக்கு முன்னாடி எங்கப்பா, பின்னாடி நான். குதிரைக்குப் பின்னாடி நடந்தவனுக்கு மூலிகைக் காத்தா சார் வரும்?

பாட்டி கதையா? எங்க பாட்டி ஏத்தத்துல சொன்ன ஒரே கதை, "வாய மூடிட்டு நட".

இதுல ஊருக்குள்ள செருப்பு போடக்கூடாது, ஊரு முழுக்க சாமி இருக்கறதால எல்லையிலயே கழட்டிருவாங்க. எனக்கு அந்தத் தொந்தரவும் இல்ல, ஆறாவது வரைக்கும் செருப்பே கெடையாது.

குறிஞ்சி 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா அட்டை? மழை விழுந்தா வருஷா வருஷம் டான்னு வந்துரும். விரல் இடுக்குல ஏறுனா வலியே தெரியாது, வீட்டுல வந்து பாத்தா ரத்தம் நிக்காம ஒழுகிட்டு இருக்கும். எங்கம்மா ஒரு குச்சி நுனியில உப்பை துணியில முடிஞ்சு கட்டிக் குடுப்பாங்க, நனைச்சு தொட்டா சுருண்டு விழுந்துரும். பென்சில் இல்லாம ஸ்கூலுக்குப் போயிருக்கேன், உப்புக் குச்சி இல்லாம போனதில்ல.

1845ல அமெரிக்க மிஷனரிங்க கொடைக்கானல்ல மொத பங்களா கட்டுனாங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க மலை ஏறுனது நாற்காலியிலயும் டோலியிலயும், தூக்கினது நம்மாளுங்க. உக்காந்து வந்தவங்க மலையழகைப் பத்தி எழுதி வச்சாங்க, தூக்கினவங்க தோள்பட்டையில காய்ப்போட வீட்டுக்குப் போனாங்க.

ஒரு ராத்திரி பெரியம்மாவுக்குப் பிரசவ வலி. கம்பளியைத் தூளி மாதிரி மூங்கில்ல கட்டி, முன்னாடி ரெண்டு பேரு பின்னாடி ரெண்டு பேரு, வட்டக்கானல் பக்கமா ஏத்தம். காட்டுமாடு நின்னா சத்தம் போட அரிக்கேன் லைட்டோட சித்தப்பா முன்னாடி, வெந்நீர் ஃப்ளாஸ்க்கோட நான் கடைசியில. இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல, பெரியம்மா கை மட்டும் வெளிய தொங்குது, ஒவ்வொரு எட்டுக்கும் கண்ணாடி வளையல் கலகலங்குது, அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறேன். பாதி வழியில சத்தம் நின்னு போச்சு. எனக்கு உசுரே இல்ல. "பெரியம்மா"ன்னு கத்துறேன், உள்ள இருந்து "குளுருதுடா, கையை உள்ள வச்சுக்கிட்டேன், நீ ஃப்ளாஸ்க்கைப் போட்டுறாத"ங்கறாங்க.

வட்டக்கானல் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஒரு பாறை ஓரமா குழந்தை பொறந்துருச்சு. அந்தத் தங்கச்சி இப்ப கோயம்புத்தூர்ல இருக்கா. போன வாரம் போன்ல தலைப்பைச் சொன்னேன், சிரிச்சுட்டு சொன்னா, "அண்ணே, சுகம்னு பேசுறவங்கள அந்த டோலியை ஒரு பத்தடி தூக்கச் சொல்லு."

தூக்கச் சொல்லலாம்தான் நடுவரே. ஆனா எதிரணியில மூணு பேருதான் இருக்காங்க, டோலிக்கு நாலு பேரு வேணும். நாலாவது ஆளா நீங்க வர்றீங்களா?