டீபக் பில்டை வச்சு மொழியை எடை போடாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு பேக்கப் வீடியோதான் போடுறதா இருந்தேன். போன வாரம் சொன்னேன்ல, நம்ம வரவு செலவு ஆப்புக்கு. ஆனா நேத்து ராத்திரி ஒரு சார்ட் கண்ணுல பட்டுச்சு, அதுக்கப்புறம் வேற வேலையே ஓடல.

மொபைல் ஆப் எழுதுற மொழிங்க கோட்லின், ஸ்விஃப்ட், டார்ட், ஜாவாஸ்கிரிப்ட், நாலுக்கும் நாலு கலர்ல பட்டை. ஃபிபொனாச்சி எண்ணைக் கண்டுபிடிக்கிற ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டி எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்திருக்காங்க. டார்ட் பட்டை மட்டும் பனைமரம் மாதிரி நிக்குது. கீழ தீர்ப்பு வேற, மொபைல் ஆப்புக்கு டார்ட் லாயக்கில்லையாம். நான் டார்ட்லதான் ஆப் எழுதுறேன்னு தெரிஞ்சு, உங்கள்ல எத்தனையோ பேர் அதை எனக்கே அனுப்பி, "இப்ப என்ன சொல்றீங்க"ன்னு கேட்டிருக்கீங்க.

யார் போட்டதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீடியோவை முழுசா உக்காந்து பார்த்தேன். ஸ்கிரீனோட மேல் வலது மூலையில சாய்வா ஒரு பட்டை தெரியுது, டீபக்னு எழுதி. எழுதும்போது தப்பு தேடுறதுக்காகப் போடுற சோதனை பில்டு அது, மக்கள் கைக்குப் போறது ரிலீஸ் பில்டு. அங்கேயே பாஸ் பண்ணிட்டேன். எனக்கு வந்த கோவம் இருக்கே!

டார்ட்ல ஆப் எழுதுற கருவிதான் ஃப்ளட்டர். அதோட டீபக் மோடுல டார்ட் ஜேஐடியில ஓடும். அதாவது ஓட ஓடத்தான் கம்பைல் ஆகும், மெஷினுக்குப் புரியிற கோடா மாறும். கோடுக்குள்ள நாம வைக்கிற அசர்ட் சோதனை எல்லாம் ஆன்ல இருக்கும். கோடுல ஒரு வரி மாத்தினா அடுத்த நொடி ஸ்கிரீன்ல தெரியுதே, அந்த ஹாட் ரீலோடுக்காகத்தான் அந்த ஏற்பாடு. ரிலீஸ் பில்டுல முழுக்க மெஷின் கோடா கம்பைல் ஆகித்தான் ஃபோனுக்கே வரும். ஸ்விஃப்டும் இப்படித்தான், வேகம் கூட்டுற ஆப்டிமைசேஷனை ஆஃப் பண்ணின பில்டை ஓட்டிப் பார்த்துட்டு ஸ்விஃப்ட் மெதுவுன்னு சொன்னா அது ஸ்விஃப்ட் மேல பழி போடுறது.

இன்னொண்ணு. அதே சார்ட்ல ஸ்விஃப்டை ஐபோன்ல ஓட்டிருக்காங்க, கோட்லினை ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன்ல. சிப்பே வேற வேற! அந்த ரெண்டு பட்டைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துல மொழிக்கு எவ்வளவு பங்கு, சிப்புக்கு எவ்வளவு பங்குன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

சரி, மொழியால வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. கண்டிப்பா இருக்கு. ஆனா அது எங்க தெரியும்னு பார்க்கணும். 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல, அதாவது நொடிக்கு 120 தடவை மாறுற ஸ்கிரீன்ல, ஒரு ஃபிரேமுக்கு நமக்குக் கிடைக்கிற நேரம் 8.3 மில்லி செகண்ட். 60 ஹெர்ட்ஸ்னா 16.7. அதுக்குள்ள வேலை முடியலன்னா ஸ்க்ரோல் திக்கும். ஆப்பைப் பயன்படுத்துறவங்களுக்கு அந்தத் திக்கல் தெரியும், ஃபிபொனாச்சி தெரியாது.

இப்ப என் கதைக்கு வரேன், இதை நிதானமாத்தான் சொல்லுவேன். நம்ம ஆப்ல செலவு லிஸ்ட் திக்குதுன்னு ரெண்டு மாசமா புலம்பிட்டு இருந்தேன், ஞாபகம் இருக்கா? பழைய ஃபோனைக் கையில வச்சுக்கிட்டுக் கட்டை விரலால தள்ளித் தள்ளிக் காட்டினேனே. கமென்ட்ல எல்லாரும் ஒரே குரல், "ஃப்ளட்டரை விடுங்க, கோட்லினுக்கு மாறுங்க". சரின்னு அந்த ஒரு ஸ்கிரீனை மட்டும் கோட்லின்ல, ஸ்கிரீன் வரையிறதுக்கான கம்போஸ் கருவியில, வரிக்கு வரி அப்படியே எழுதினேன். ரிலீஸ் பில்டு போட்டேன். அதே ஃபோன்ல தள்ளினேன்.

திக்குது. அதே இடத்துல, அதே மாதிரி!

அப்பதான் எந்தக் கோடு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற புரொஃபைலரைத் திறந்தேன். முதல் நாளே திறந்திருக்கணும். ஒரே ஒரு ஃபங்ஷன் நேரம் பூரா தின்னுட்டு இருக்கு. லிஸ்ட்ல ஒவ்வொரு வரியை வரையும்போதும் மொத்த லிஸ்டையும் தேதி வாரியா வரிசைப்படுத்தி, அதுலேர்ந்து அந்த ஒரு வரியை எடுக்குறேன். 1,000 செலவு இருந்தா ஒரு தடவை வரிசைப்படுத்த 8,000, 9,000 ஒப்பீடு ஆகும். தேதியை வேற நான் சரமா, டெக்ஸ்டா சேமிச்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ரெண்டு பக்கமும் டெக்ஸ்டைத் தேதியா மாத்தணும், அதுதான் பார்ஸ். ஒரு வரியைக் காட்ட 15,000 தடவைக்கு மேல தேதியைப் பார்ஸ் பண்ணிட்டு இருந்திருக்கு என் கோடு. எந்த மொழி இதைத் தாங்கும்?

ஸ்கிரீன் திறக்கும்போது ஒரு தடவை பார்ஸ், ஒரு தடவை வரிசைப்படுத்தல், அவ்வளவுதான். ரெண்டு பில்டுலயும் மாத்தினேன். ரெண்டும் வெண்ணெய் மாதிரி வழுக்குது. இதோ பாருங்க... இன்னொரு தடவை காட்டுறேன், இதோ. இது டார்ட், இது கோட்லின். கண்ணால வித்தியாசம் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பார்ப்போம். நேத்துலேர்ந்து சும்மாவே எடுத்து எடுத்துத் தள்ளிப் பார்த்துட்டு இருக்கேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், முன்னாடியே சொல்லிருக்கணும். கோட்லின் பில்டை இன்ஸ்டால் பண்ணின உடனே அளக்காதீங்க. ஆண்ட்ராய்டு 5, அதாவது 2014-ல, இன்ஸ்டால் ஆகும்போதே மொத்த ஆப்பையும் கம்பைல் பண்ணிடும். சிஸ்டம் அப்டேட் முடிஞ்சதும் ஒவ்வொரு ஆப்பா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குமே, அந்தக் காலம். 2016-ல ஆண்ட்ராய்டு 7 வந்ததும் அதை மாத்திட்டாங்க. முதல்ல ஜேஐடி, நாம எந்தக் கோடை அடிக்கடி ஓட்டுறோம்னு குறிச்சு வச்சுக்கும், அப்புறம் ஃபோன் சும்மா சார்ஜ்ல கிடக்கும்போது அதை மட்டும் கம்பைல் பண்ணும். அதனால முதல் நாள் வேகம் வேற, ரெண்டு நாள் கழிச்சு வேகம் வேற. முதல் தடவையே வேகமா திறக்கணும்னா பேஸ்லைன் புரொஃபைல், அதாவது முன்கூட்டியே கம்பைல் பண்ண வேண்டிய கோடோட பட்டியல், போட்டு அனுப்புங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது, தனி வீடியோவே போடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் பத்தியும் ரெண்டு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்ட்ல ஆப் எழுதுற கருவி ரியாக்ட் நேட்டிவ். அது மெதுவுன்னு சொல்றவங்க பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் ஃபோனோட சொந்தக் கோடுக்கும் நடுவுல இருந்த பழைய பிரிட்ஜை மனசுல வச்சுத்தான் சொல்றாங்க. அந்தப் பக்கம் போற ஒவ்வொரு தகவலையும் ஜேசன்ங்கிற டெக்ஸ்டா மாத்தி அனுப்பி, அங்க திரும்பப் பிரிக்கணும். அதுல கொஞ்சம் நியாயம் இருந்துச்சு. இப்ப ரியாக்ட் நேட்டிவ் 0.70 பதிப்புலேர்ந்து ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுறது ஹெர்மிஸ்தான் டீஃபால்ட், பில்டு பண்ணும்போதே ஓட்டத் தயாரான பைட்கோடா மாத்திடும், ஆப் திறக்கிற நேரம் குறையும். 2024-ல வந்த 0.76-ல புது ஆர்க்கிடெக்சரே டீஃபால்ட், அந்த ஜேசன் பிரிட்ஜ் போயே போச்சு. ஆனா நிஜமான கணக்கு வேலை, ஃபோட்டோவுல பிக்சல் பிக்சலா எதாவது பண்றதுன்னா, ஹெர்மிஸ்ல ஜேஐடி கிடையாது, அங்க அடி வாங்கும். அந்த இடத்துல சி++ இல்ல ரஸ்ட் எழுதுங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே கூப்பிடல்ல முழு படத்தையும் கொடுத்து வாங்குங்க. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மொழியிலேர்ந்து இன்னொரு மொழிக்குத் தாண்டிப் போயிட்டு வந்தா, அந்தப் போக்குவரத்துலயே லாபம் கரைஞ்சிடும்.

கோட்லின் ஆளுங்களுக்கும் சொல்லிடுறேன். லட்சக்கணக்குல எண்ணை வச்சு வேலை பார்க்கும்போது லிஸ்ட் ஆஃப் இன்ட் போடாதீங்க, இன்ட்அர்ரே போடுங்க. முதல்ல சொன்னதுல ஒவ்வொரு எண்ணையும் ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள்ள பொட்டலம் கட்டி வைக்கும், அதையெல்லாம் அப்புறம் மெமரியைச் சுத்தம் பண்ணுற கார்பேஜ் கலெக்டர் வந்து பொறுக்கணும். அர்ரேல ஒரு எண்ணுக்கு 4 பைட்டு, வரிசையா இருக்கும்.

அய்யோ, சூட்டை விட்டுட்டேன் பாருங்க! ஃபோன் சூடானா சிப் தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும். அந்தச் சார்ட்ல எல்லா ரவுண்டுலயும் டார்ட் கடைசியாத்தான் ஓடுது. மத்தவங்க ஓடிச் சூடாக்கின ஃபோன்ல கடைசி ஆளை விட்டா? வரிசையை மாத்தி மாத்தி ஓட்டுங்க, நடுவுல ஃபோனை ஆற விடுங்க, சார்ஜரைக் கழட்டிடுங்க. நான் நோட்டுல நேரத்தோட ஃபோன் சூட்டையும் எழுதுறது இதுக்குத்தான்.

இவ்வளவு நேரம் பேசினதுல என் ஃபோனும் ஆறிடுச்சு. என் ரெண்டு பில்டையும் நானே அளந்துட்டு இருக்கேன், அதுல மூணாவது ரவுண்டு பாக்கி இருக்கு, இந்தத் தடவை டார்ட்தான் முதல்ல. ஓட்டிட்டு நோட்டுப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்துக் கம்யூனிட்டி போஸ்ட்ல போடுறேன். வரேன் மக்களே.