ஓடைக் கல்லுக்கு அடியில்

நேயர்களுக்கு வணக்கம். பழனி மலை ஓடைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். வெள்ளி அருவி, எலிவால் அருவி, கும்பக்கரை எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ரோட்டுப் பாலத்துக்கு அடியிலும் காப்பித் தோட்டத்து ஓரத்திலும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறதே, முழங்கால் ஆழம்கூட இல்லாத சாதாரண ஓடை, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. குனிந்து பார்த்தால் மணலும் கல்லும்தான் தெரியும். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அங்கே ஒரு கூட்டமே குடியிருக்கிறது, எல்லாம் கல்லுக்கு அடியிலும் கல்லின் இடுக்கிலும்.

முதலில் இந்தத் தண்ணீரின் குணத்தைப் பார்ப்போம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே சோலையில் தொடங்குகிற பாம்பாறு, பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் தரை தொடுவதற்குள் அந்த உயரத்தில் பெரும்பகுதியை இறங்கியாக வேண்டும். வடக்குச் சரிவில் பொருந்தலாறும் குதிரையாறும் இப்படித்தான் இறங்குகின்றன. நின்று நிதானிக்க இடமே இல்லாமல் கல்லில் மோதி நுரைத்து வருவதால் தண்ணீரில் காற்று கலந்துகொண்டே இருக்கிறது, அதோடு குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் மட்டக் கணக்கில் 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மலை ஏற ஏற அளவு கொஞ்சம் குறையும் என்றாலும் குளிரும் ஓட்டமும் அதை ஈடுகட்டிவிடுகின்றன. ஓடைவாசிகள் இந்த வசதிக்குப் பழகிப்போனவை. அதே தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வெயிலில் வைத்தால், சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் விட்ட பூச்சி மூச்சு முட்டிச் செத்துவிடும். அவற்றுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, அது ஓடவும் வேண்டும்.

சரி, இவ்வளவு வேகத்தில் அடித்துக்கொண்டு போகாமல் எப்படி இருக்கின்றன? பலத்த காற்றில் நின்றால் ஆளைத் தள்ளும், தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் அவ்வளவு தெரியாது, அந்த மாதிரிதான். கல்லின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய ஏடு அளவுக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் நகர்கிறது. அந்த ஏட்டுக்குள் உடம்பைத் தட்டையாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவை பிழைத்துக்கொள்கின்றன.

இரண்டு உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கல்லே நகர்கிற மாதிரி ஒன்று பக்கவாட்டில் விலகி ஓடும். அதுதான் மேஃப்ளை என்கிற பூச்சியின் இளம்பருவம். தலை தட்டை, கண் இரண்டும் தலைக்கு மேலே, வயிற்றின் இரு ஓரத்திலும் வரிசையாகச் செவுள்கள், பின்னால் முடி முடியாக வால். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் வளர்ந்துவிட்டு, சிறகு முளைத்து வெளியே வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாள்தான் ஆயுசு. அந்தப் பருவத்தில் அது சாப்பிடுவதே இல்லை, ஜோடி சேர்ந்து முட்டையிட்டு முடித்துவிடும். பழனி மலையில் எந்த உயரத்தில் எந்த மேஃப்ளை இருக்கிறது, எப்போது கூட்டமாகப் பறக்கிறது என்று பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணனும் கே. வெங்கட்ராமனும் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஓடையின் பூச்சியைப் பற்றி உலகம் படிக்கிற அளவுக்கு வேலை நடந்திருக்கிறது, இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அது தெரியவில்லை என்பதில் எனக்கு நிஜமான வருத்தம்.

அதே கல்லில் மணல் துகள்களை ஒட்டிச் செய்த சின்னக் கூடு இருக்கும். கேடிஸ் என்கிற பூச்சியின் புழு தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டியது. அதன் உறவில் சில, கூடு தூக்கித் திரியாமல் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து வலை கட்டி, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும். அருவி விழும் பாறையிலேயே வாழ்கிற ஒரு கொசுவினப் புழுவுக்கு வயிற்றில் வரிசையாக ஆறு உறிஞ்சிகள் உண்டு, ஒன்றை எடுத்து வைக்கும்போது மற்றவை பிடித்துக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தவளைக் குடும்பத்தின் தலைப்பிரட்டை, தண்ணீருக்குள் நீந்தாமல், நீர் கசிந்து வழிகிற பாறைமுகத்தில் ஒட்டிக்கொண்டே வளர்கிறது.

மீனில் சொல்ல வேண்டியது கல்லொட்டி. கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமான தட்டு ஒன்று இருக்கும், அதை வைத்துத்தான் பாறையைப் பிடித்துக்கொள்கிறது. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். சிலர் இதைப் பிடித்துப் போய்க் கண்ணாடித் தொட்டியில் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தங்கமீன் வளர்க்கிற தொட்டியின் வெதுவெதுப்பான, அசையாத தண்ணீர் அதற்கு ஆகாது.

இவ்வளவு பேருக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? சோலைக்குள் ஓடும் ஓடையில் வெயில் விழுவது குறைவு, அதனால் பாசியும் குறைவு. கரை மரங்களின் இலைதான் முதல் சாப்பாடு. நாவல் இலை ஒன்று விழுந்து கல் இடுக்கில் சிக்கி, ஊறி, அதில் பூஞ்சை பிடித்த பிறகுதான் பூச்சிகள் அதைத் தொடும். கொஞ்ச நாளில் நரம்பு மட்டும் வலை வலையாக மிஞ்சும். உதிர்ந்த துணுக்குகள் கீழே இருக்கிற வலைக்காரர்களுக்குப் போகும். அவர்களை மீனும் நண்டும் தின்னும், நண்டை நீர்நாய் தின்னும், கரைப் பாறையில் நின்று விசிலடிக்கிற சீகாரப் பூங்குருவி எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கரையில் சோலை மரத்தை வெட்டிவிட்டுத் தைல மரம் வைத்தால் இலை விழத்தான் செய்யும், ஆனால் எண்ணெயும் துவர்ப்பும் நிறைந்த அந்த இலை பக்குவப்பட நாளாகும், தின்ன வருகிறவையும் குறைவு.

இப்போது நாம் செய்வதைப் பற்றி. மேல்மலையில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள் கோடையில் ஓடைக்குள் கறுப்பு ஹோஸ் பைப்பைப் போட்டுத் தண்ணீரை எடுக்கிறார்கள். பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் மடுவில் மட்டும் தண்ணீர் விட்டு ஓட்டத்தை முழுசாக நிறுத்திவிட்டால், மேலே சொன்ன கூட்டத்தில் பெரும்பகுதி ஓரிரு நாளில் போய்விடும். ராத்திரியாவது பைப்பை எடுத்து வெளியே போடுங்கள். மருந்தடித்த டேங்கை ஓடையில் அலசாதீர்கள். அது பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து, வயல் பூச்சி எது, ஓடைப் பூச்சி எது என்று அதற்குத் தெரியாது. வாளியில் தண்ணீர் மொண்டு போய் வயலிலேயே அலசி, வயலிலேயே ஊற்றினால் போதும்.

தாண்டிக்குடி பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒன்று. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் எந்திரத்திலிருந்து வரும் தண்ணீரில் சர்க்கரை ஏராளம். அதை நேரே ஓடையில் விட்டால் பாக்டீரியா அதைத் தின்று பெருகி, தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் இழுத்துவிடும். பழம் எடுக்கிற மாதங்களிலேயே வடகிழக்கு மழை ஓய்ந்து ஓடையும் இளைக்கத் தொடங்கும் என்பதால் அடி இரண்டு மடங்காக விழுகிறது. குழி வெட்டித் தேக்கி, பிறகு தோட்டத்துக்கே பாய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யக்கூடியதுதான்.

குளிக்க வருகிறவர்கள் ஷாம்பூ, சோப்பு கொண்டு வருவதைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விளையாட்டாகக் கல்லை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார்கள், குழந்தைகள் குளிக்கட்டும் என்று கல்லைப் போட்டு ஓடையை மறிக்கிறார்கள். வெயிலில் அடுக்கிய ஒவ்வொரு கல்லின் அடியிலும் முட்டையும் புழுவும் காய்ந்து சாகும். மறித்த இடத்தில் வண்டல் படிந்து இடுக்கெல்லாம் அடைபடும். குளித்து முடித்ததும் கல்லைக் கலைத்துவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டால் தாராளமாகக் காட்டுங்கள். மழைக்காலத்தில் இறங்க வேண்டாம், மேலே பெய்த மழைக்கு வெள்ளம் சொல்லாமல் வரும். கும்பக்கரையில் யானைக் கஜம், பாம்புக் கஜம் என்று பேர் வைத்திருக்கிற ஆழமான பள்ளங்கள் பக்கம் எந்தக் காலத்திலும் போக வேண்டாம். தண்ணீர் இறங்கிய மாசி மாதம் நல்ல நேரம். கையை முதலில் நனைத்துக்கொண்டு, ஒரே ஒரு கல், தண்ணீரை ஒட்டியே தூக்கிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்தில், எந்தப் பக்கம் அடியில் இருந்ததோ அதே பக்கம் அடியில் வரும்படி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.